ஏரிக்கரையில் ஒரு திருமணம்: அனுமதி, ஆவணம், அட்சதை

பெற்றோர் அறியாமல் தலைவனும் தலைவியும் ஊரை விட்டுச் செல்வதைச் சங்க இலக்கியம் ‘உடன்போக்கு’ என்று குறிக்கிறது. தொல்காப்பியம் அதனைக் ‘கொண்டுதலைக்கழிதல்’ என்கிறது. அத்துறைப் பாடல்களைப் படித்தவர்களுக்குச் சென்றவர்களைக் காட்டிலும் பின்னே நின்றவர்களே அதிகம் நினைவில் தங்குவர்: வீட்டிலிருந்து புலம்பும் நற்றாய், சுரத்தின் வழியே தேடிச் சென்று, எதிர்ப்படுவோரை எல்லாம் வினவும் செவிலித்தாய்.

அமெரிக்காவில் இன்று ‘எலோப்மென்ட்’ என்னும் சொல் வேறு பொருளில் வழங்குகிறது. ஓடிப்போதல் என்ற பழைய பொருள் தேய்ந்து, மண்டபமும் விருந்தும் அழைப்பிதழும் இன்றி, மணமக்களும் மிகச் சிலரும் மட்டும் எழில் மிக்க ஓரிடத்தில் நின்று சட்டப்படி செய்துகொள்ளும் மணம் என்பதே இப்போதைய பொருள். மலைசூழ்ந்த தேசியப் பூங்காக்கள் இதற்குப் பெரிதும் விரும்பப்படுகின்றன. அங்குப் பணிபுரியும் நம் பிள்ளைகளில் சிலரும் இவ்வழியைத் தேர்ந்தெடுக்கின்றனர். அப்போது இங்கிருக்கும் பெற்றோர் முதலில் அதிர்ச்சி அடைகின்றனர். பிறகு வங்கிக்கு வருகின்றனர். அயல்நாட்டுப் பணப் பரிமாற்றப் பிரிவில் பணிபுரியும் எனக்கு இவ்விரண்டு நிலைகளும் பழக்கமானவை. சென்ற ஆண்டு அவை என் குடும்பத்திலேயே நேர்ந்தன.

தாணேயில் வாழும் என் அண்ணனின் ஒரே மகள் டெக்சாஸில் மென்பொருள் பொறியாளர். அவள் விரும்பியவர் ஒடிசாவைச் சேர்ந்தவர். அதே நகரில் பணிபுரிபவர். இரு வீட்டாருக்கும் மணத்தில் மறுப்பு இல்லை. மண விழாவில்தான் மறுப்பு எழுந்தது. எந்த ஊரில், எவர் முறைப்படி, எத்தனை பேருக்கு என்ற பேச்சு எட்டு மாதங்கள் நீண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “அத்தை, நாங்கள் இருவர் மட்டும் கொலராடோ மலைக்குப் போய்த் திருமணம் செய்துகொள்ளப் போகிறோம். அப்பாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றாள்.

நான் அதற்கு உடன்படவில்லை. எத்தனை பேர் முன்னிலையில் மணம் செய்துகொள்வது என்பது மணமக்களின் உரிமை. அதனைப் பெற்றோருக்கு யார், எப்போது தெரிவிப்பது என்பதில் அத்தைக்கு இடமில்லை. நிழற்படம் வந்து சேர்ந்த பிறகு அறிந்துகொள்வதற்கும், நாள் குறிப்பதற்கு முன்பே மகள் வாயால் கேட்பதற்கும் வேறுபாடு மிகுதி. அவளே சொல்லட்டும், அனுமதியும் செலவும் ஆவணமும் குறித்து வேண்டுமானால் நான் உதவுகிறேன் என்றேன். மறுநாளே அவள் சொன்னாள்.

அண்ணன் பத்து நாள் எவரிடமும் பேசவில்லை. பின்னர் ஒரு மாலை, நீல நிறக் கோப்பு ஒன்றுடன் என் வீட்டுக்கு வந்தார். மகளுக்கு 4 வயதானபோது தொடங்கிய தொடர் வைப்பு, முதிர்ந்து முதிர்ந்து நிரந்தர வைப்பாக மாறிய இரசீதுகள் அதில் இருந்தன. ஒவ்வொன்றின் மேலுறையிலும் ‘கல்யாணம்’ என்று பென்சிலால் எழுதியிருந்தார். “இதை இனி என்ன செய்வது, நீயே சொல்” என்றார். அவர் வட்டி விகிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது தெரிந்தே இருந்தது. ஆயினும் முதிர்வு நாளுக்கு முன் எடுத்தால் எவ்வளவு குறையும் என்பதையே நான் கணக்கிட்டுச் சொன்னேன். சற்று நேரம் கழித்து அவர் கேட்டார்: “நாங்கள் அங்கே போனால் அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்குமா?”

அக்கேள்வியை மகளிடம் கேட்டபோது அவள் அழுதுவிட்டாள். அப்பாவும் அம்மாவும் மலை ஏறி வருவார்கள் என்று அவள் நினைக்கவே இல்லையாம். இருவர் நிற்கவிருந்த மணத்தில் நால்வர் என்றாயிற்று. அந்த நால்வருள் இருவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. அண்ணிக்கு இரத்த அழுத்தமும் உண்டு. எனவே திட்டம் முழுவதையும் மீண்டும் முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் கொலராடோ மாநிலத்தின் ராக்கி மலைத் தேசியப் பூங்கா. 1915ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று நிறுவப்பட்ட இப்பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 1,075 சதுர கிலோமீட்டர். இதன் ஊடே செல்லும் டிரெயில் ரிட்ஜ் சாலை 12,183 அடி உயரம் வரை ஏறுகிறது. நம் உதகமண்டலத்தின் தொட்டபெட்டாவைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பூங்காவின் கிழக்கு வாயிலில் உள்ள எஸ்டஸ் பார்க் என்னும் சிற்றூரே தங்குவதற்கு உரியது. டென்வர் நகரிலிருந்து மகிழுந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் அங்குச் சேரலாம்.

காட்டில் போய் மணம் செய்துகொள்ள யாரிடம் அனுமதி கேட்பது என்று வியப்போர் உண்டு. அமெரிக்கத் தேசியப் பூங்காவில் கேட்டே ஆக வேண்டும். இருவர் மட்டுமே நின்று உறுதிமொழி கூறினாலும் அது ‘சிறப்புப் பயன்பாடு’ என்று கருதப்படுகிறது. பூங்கா நிர்வாகத்திடம் முன்கூட்டியே விண்ணப்பித்து எழுத்து வடிவில் அனுமதி பெற வேண்டும். ராக்கி மலைப் பூங்காவில் அண்மைய ஆண்டுகளில் இதற்கான கட்டணம் 300 டாலர். திட்டம் கைவிடப்பட்டாலும் இத்தொகை திரும்ப வாராது. மாதத்துக்கு இத்தனை மணங்கள் என்ற வரம்பும் உண்டு. ஆதலால் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நாள் வேண்டுவோர் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்கின்றனர். கட்டணம் செலுத்தி அனுமதி கைக்கு வந்த பின்னரே விமானச் சீட்டு எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

இடத்தையும் நம் விருப்பம்போல் தேர்ந்தெடுக்க இயலாது. மணத்துக்கென்று நிர்வாகம் ஒதுக்கியுள்ள சில இடங்களுள் ஒன்றையே கேட்க வேண்டும். ஸ்ப்ரேக் ஏரி, லில்லி ஏரி, மொரெய்ன் பார்க் திறந்தவெளி அரங்கம், ஹிட்டன் வேலி, ‘3எம்’ வளைவு என்பன அவற்றுள் சில. ஒவ்வோர் இடத்துக்கும் இத்தனை பேர், இத்தனை வண்டிகள் என்ற அளவு வகுக்கப்பட்டுள்ளது. மரங்கள் வளரும் எல்லைக்கு மேலுள்ள உயர்மலைப் புல்வெளி படங்களில் கண்ணைக் கவரும். ஆனால் அங்குள்ள சிறு செடிகள் மிதிபட்டால் மீள்வதற்குப் பல்லாண்டுகள் ஆகும் என்பதால் கட்டுப்பாடு மிகுதி.

மகள் முதலில் விரும்பியது பாறைகள் நிறைந்த 3எம் வளைவை. பெற்றோர் வருகின்றனர் என்றதும் ஸ்ப்ரேக் ஏரிக்கு மாறினாள். அதற்குக் காரணம் அழகு அன்று. ஏரியைச் சுற்றி ஏறத்தாழ ஒன்றே கால் கிலோமீட்டர் நீளத்துக்குச் சமமான பாதை அமைந்துள்ளது. சக்கர நாற்காலியும் செல்லக்கூடிய பாதை அது. வண்டி நிறுத்துமிடமும் கழிப்பறையும் அருகிலேயே உள்ளன. முதியவர்களை அழைத்துச் செல்வோர் இம்மூன்றையும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உயரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாணே ஏறக்குறைய கடல்மட்டத்தில் உள்ள ஊர். ஸ்ப்ரேக் ஏரி ஏறத்தாழ 8,700 அடி உயரத்தில் உள்ளது. அங்கு ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. தலைவலி, குமட்டல், மூச்சு வாங்குதல், உறக்கமின்மை ஆகியவை முதல் இரண்டு நாட்களில் இளைஞர்களுக்கும் வரலாம். எனவே படிப்படியாக ஏறும் வகையில் பயணம் வகுக்கப்பட்டது: 5,280 அடி உயரத்தில் உள்ள டென்வரில் இரண்டு இரவுகள், 7,522 அடி உயரத்தில் உள்ள எஸ்டஸ் பார்க்கில் இரண்டு இரவுகள், அதன் பின்னரே மணநாள். நீர் மிகுதியாகக் குடித்தல், முதல் நாட்களில் ஓய்வு, உடல்நலம் குன்றினால் தயங்காமல் கீழிறங்குதல் என்பனவே மருத்துவர்கள் கூறும் வழி. அண்ணி புறப்படுமுன் தம் மருத்துவரைக் கண்டு மாத்திரை அளவுகளை உறுதி செய்துகொண்டார். முன்பே உள்ள நோய்களையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு எடுக்கப்பட்டது. மலிவான காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றில் இப்பிரிவு இராது. விதிமுறைகளைப் படித்துப் பார்த்தே எடுக்க வேண்டும்.

பருவத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு கணக்கே. டிரெயில் ரிட்ஜ் சாலை பொதுவாக அக்டோபர் நடுவிலிருந்து மே இறுதி வரை பனியால் மூடப்பட்டிருக்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பிற்பகல்தோறும் இடியும் மின்னலும் கூடிய மழை வருவது இயல்பு. ஆகவே அம்மாதங்களில் மணத்தைக் காலையிலேயே முடித்துவிடுவர். செப்டம்பர் இறுதியில் ஆஸ்பென் மரங்களின் இலைகள் பொன்னிறம் கொள்ளும். அதே காலம் எல்க் என்னும் பெருமான்கள் இணைசேரும் பருவமும் ஆகும். கொம்பு விரித்த ஆண்மான் அப்போது மிகவும் ஆபத்தானது. குறைந்தது 75 அடி தொலைவில் நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. மூஸ் மானுக்கும் கரடிக்கும் 120 அடி. அப்பருவத்தில் மாலை முதல் மறுநாள் காலை வரை சில புல்வெளிகளில் கால் வைக்கவும் தடை உண்டு. அந்த ஆண்மானின் குரல் நெடுந்தொலைவு கேட்கும். புல்லாங்குழலைப் பிழையாக ஊதியது போல் இருந்ததாக அண்ணன் கூறினார்.

அண்மைய ஆண்டுகளில் மே இறுதி முதல் அக்டோபர் நடுவரை, பூங்காவில் நுழைவதற்கே நேரம் குறித்த முன்பதிவு தேவைப்படுகிறது. மண அனுமதி பெற்றோர் தம் வண்டிகளுக்கு இது எவ்வாறு பொருந்தும் என்பதை நிர்வாகத்திடமே எழுதிக் கேட்டுக்கொள்வது நன்று. நுழைவுக் கட்டணம் ஒரு வண்டிக்கு ஏழு நாட்களுக்கு 35 டாலர். என் அண்ணன் சென்றபோது இல்லாத ஒரு கூடுதல் கட்டணம் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது: ராக்கி மலை உள்ளிட்ட 11 தேசியப் பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காத அயல்நாட்டினர், 16 வயது நிரம்பியவர் எனில், தலைக்கு 100 டாலர் மிகுதியாகச் செலுத்த வேண்டும். இந்தியாவிலிருந்து செல்லும் பெற்றோர் இதனைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பூங்காவின் அனுமதி இடத்துக்கு உரியது. மணத்துக்கு உரிய அனுமதியை மாநிலச் சட்டம் வழங்குகிறது. இரண்டும் வேறு வேறு. இதனை உணராமல் மலை உச்சியில் நின்று மாலை மாற்றிக்கொண்டு, சட்டப்படி மணமாகாமலேயே திரும்பி வருவதும் நிகழக்கூடியதே. கொலராடோவில் மண உரிமத்தை மாவட்ட எழுத்தர் அலுவலகத்தில் பெறலாம். எஸ்டஸ் பார்க் லாரிமர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கட்டணம் 30 டாலர் அளவே. அங்கு வசிப்பவராக இருக்க வேண்டியதில்லை. காத்திருப்புக் காலமும் இல்லை. பெற்ற நாளிலிருந்து 35 நாட்களுக்குள் உரிமத்தைப் பயன்படுத்த வேண்டும். மணம் முடிந்து 63 நாட்களுக்குள் கையொப்பமிட்டு அலுவலகத்தில் திருப்பி அளிக்க வேண்டும். இந்த இரண்டாவது கெடுவே பலருக்கு மறந்துபோகிறது. தேனிலவு முடிந்து பணிக்குத் திரும்பிய பிறகு, பயணப் பையின் அடியில் அத்தாள் கிடக்கும்.

கொலராடோவின் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. அங்கு மணத்தை நடத்திவைக்கப் பாதிரியாரோ நீதிபதியோ வேண்டியதில்லை, சாட்சிகளும் வேண்டியதில்லை. மணமக்கள் தாமே தம் மணத்தை நிகழ்த்திக்கொண்டு, உரிமத்தில் தாமே கையொப்பமிடலாம். அண்டை மாநிலமான வயோமிங்கில் உள்ள கிராண்ட் டீட்டன் பூங்காவுக்குச் சென்றால் நிலைமை வேறு: நடத்திவைப்பவர் ஒருவரும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். இருவர் மட்டும் செய்துகொள்ளும் மணத்துக்குக் கொலராடோவைப் பலர் நாடுவதற்கு இச்சட்டமும் ஒரு காரணம்.

அண்ணனுக்கு இது வேடிக்கையாகத் தோன்றியது. “ஐயரும் இல்லை, சாட்சியும் இல்லை, இது என்ன சட்டம்?” என்றார். நம் சட்டம்தான் என்றேன். புரோகிதர் இன்றி, உறவினர் நண்பர் முன்னிலையில், ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாக அறிவித்து மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளும், அல்லது தாலி கட்டும் சுயமரியாதைத் திருமணத்தைத் தமிழ்நாடு அரசு 1967இல் கொண்டுவந்த திருத்தம் சட்டமாக்கியது. இந்து திருமணச் சட்டத்தின் 7-அ பிரிவு அது; அண்ணா முதலமைச்சராக இருந்த காலம். அம்மணத்தை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் நடைபெறும் மணங்களுக்கே அப்பிரிவு பொருந்தும் என்றாலும், அண்ணன் பிறந்த ஊரில் அவருடைய சிறிய தாத்தாவின் மகள் அம்முறையில் மணந்தவர்தான். அதை நினைவூட்டியதும் அவர் மேற்கொண்டு பேசவில்லை.

அண்ணியின் கவலை வேறு: “அட்சதை போடாமல் கல்யாணமா?”

அரிசி, பூவிதழ், வண்ணக் காகிதத் துகள் எதையும் தூவுதல் பூங்காவில் தடை செய்யப்பட்டுள்ளது. விலங்குகளும் பறவைகளும் அவற்றைத் தின்னும் என்பதும், அயல் விதைகள் மண்ணில் கலக்கும் என்பதும் காரணங்கள். அமைக்கப்பட்ட அடுப்புகளைத் தவிர வேறெங்கும் தீ மூட்ட இயலாது. ஆகவே ஓமம் இல்லை. பறக்கும் ஒளிப்படக் கருவியாகிய ட்ரோனுக்கும் இடமில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பூங்காவின் பெரும்பகுதியில் கைப்பேசி இணைப்புக் கிடைப்பதில்லை. கட்டக்கிலிருந்து பயணம் செய்ய இயலாத மணமகனின் தாயாருக்கு நேரலையில் காட்டலாம் என்ற எண்ணம் இதனால் கைவிடப்பட்டது. இப்படிப்பட்ட ஏமாற்றங்களை முன்னரே அறிந்துகொள்வது நலம். அன்று காலையில் மலையில் நின்று அறிந்துகொள்வது துன்பம்.

அட்சதைக்கு அண்ணியே வழி கண்டார். மணநாள் காலை, தங்கியிருந்த விடுதி அறையில் மஞ்சள் கலந்த அரிசியைப் பிள்ளைகள் இருவர் தலையிலும் இட்டு, விரிப்பின் மேல் சிந்தியதை ஒரு மணி விடாமல் பொறுக்கி எடுத்தார். தாலி கட்டுதலும் அங்கேயே, கட்டக்கில் இருந்த தாயார் கைப்பேசித் திரையில் காண, நடைபெற்றது. அங்கே அப்போது மாலை. அவர் சங்கு ஊதினாராம். அதன் பின்னர் நால்வரும் ஏரிக்குச் சென்றனர். ஏரிக்கரையில் மணமக்கள் உறுதிமொழி கூறிக்கொண்டது ஆறே நிமிடம் என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்தியாவுக்குள்ளேயே மலைத் தேசியப் பூங்காவில் இவ்வாறு மணம் செய்துகொள்ள இயலுமா என்று வாசகர்கள் கேட்கலாம். நம் தேசியப் பூங்காக்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. ஆய்வு, ஒளிப்படம், சுற்றுலா போன்ற குறிப்பிட்ட நோக்கங்களுக்கே நுழைவு அனுமதி அளிக்கப்படுகிறது. மண நிகழ்ச்சிக்கென அமெரிக்காவில் உள்ளதுபோன்ற ஏற்பாட்டுக்கு அச்சட்டம் வழிசெய்யவில்லை. இமயமலைச் சாரலில் எளிய மணம் வேண்டுவோர் உத்தராகண்டத்தின் திரியுகிநாராயண் கோயிலை நாடுகின்றனர். சிவனும் பார்வதியும் மணந்த இடம் என்று போற்றப்படுவது அது. சமயச் சடங்கு வேண்டாதோர் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, பின்னர் மலர்ப் பள்ளத்தாக்குக்கோ பெரிய இமாலயத் தேசியப் பூங்காவுக்கோ சுற்றுலாப் பயணிகளாகச் செல்லலாம். அச்சட்டப்படி மணமக்களுள் ஒருவரேனும் அம்மாவட்டத்தில் 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்பு 30 நாட்கள் ஒட்டப்பட்டிருக்கும். மூன்று சாட்சிகள் வேண்டும்.

இனி, என் துறைக்கு வருகிறேன். கொலராடோவில் பெற்ற மணச் சான்றிதழ் இந்தியாவில் பயன்பட வேண்டுமானால், அதன் சான்றளிக்கப்பட்ட நகலைப் பெற்று, அம்மாநிலச் செயலர் அலுவலகத்தில் ‘அப்போஸ்டில்’ என்னும் முத்திரையைப் பெற வேண்டும். இந்தியா 2005 முதல் இம்முறையை ஏற்றுள்ளது. ஒரு நகல் போதும் என்று எண்ண வேண்டாம். மூன்று நகல்களுக்காவது பெற்றுக்கொள்வது பிற்காலத்துக்கு உதவும். கடவுச்சீட்டில் துணைவர் பெயர் சேர்ப்பதற்கும், வங்கியிலும் காப்பீட்டிலும் பெயர் மாற்றத்துக்கும் இதையே கேட்பர். இந்தியக் குடிமக்கள் அயல்நாட்டில் செய்துகொள்ளும் மணத்துக்கென 1969ஆம் ஆண்டு அயல்நாட்டுத் திருமணச் சட்டம் உள்ளது. அந்நாட்டுச் சட்டப்படி நடந்த மணத்தைப் பதிவு செய்வதற்கும் அதன் 17ஆம் பிரிவு இடமளிக்கிறது. இருவரும் இந்தியக் குடிமக்களாக இருந்து, இங்கே சொத்தும் வாரிசுரிமையும் உள்ளவர்கள் எனில், எந்தச் சட்டத்தின்கீழ்த் தம் மணம் நிலைபெறுகிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது சிறிய செலவே. அண்ணன் மகள் கேட்டுக்கொண்டாள்.

பணம் அனுப்புவது பற்றி: ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பான் எண்ணும் ஏ-2 படிவமும் தேவை. நிதியாண்டில் 10 இலட்சம் ரூபாயைக் கடக்கும் தொகைக்குப் பொதுவாக வங்கி வரியை மூலத்திலேயே வசூலிக்கும். இது வருமான வரிக் கணக்கில் வரவு வைக்கப்படும் தொகை என்பதை மறவாமல், தாக்கலின்போது கோரிப் பெற வேண்டும். பெற்றோர் மகளுக்கு அளிக்கும் அன்பளிப்புக்கு இந்தியாவில் மகளிடம் வருமான வரி இல்லை. அமெரிக்காவில் வரி செலுத்தும் நிலையில் உள்ளவர், அயல்நாட்டவரிடமிருந்து ஓராண்டில் 1,00,000 டாலருக்கு மேல் அன்பளிப்புப் பெற்றால் அதனை 3520 என்னும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். வரி இல்லை என்றாலும் அறிவிக்காமைக்குத் தண்டம் கடுமையானது.

அண்ணன் குடும்பத்தில் அவ்வளவு பெரிய தொகைக்கு இடமே நேரவில்லை. பூங்கா அனுமதி, மண உரிமம், நுழைவுக் கட்டணம் மூன்றும் சேர்ந்து 365 டாலர்தான். விமானச் சீட்டும் தங்கும் செலவும் ஒளிப்படக் கலைஞரின் கட்டணமும் அதைப்போல் பன்மடங்கு என்பது உண்மை. ஆயினும் தாணேயில் ஒரு மண்டபத்துக்குக் கேட்கப்பட்ட வாடகையோடு ஒப்பிட்டு அண்ணன் ஒரு தாளில் கூட்டிப் பார்த்தார். நீல நிறக் கோப்பில் இருந்த இரசீதுகளுள் ஒன்றே ஒன்று, அதுவும் முதிர்வு நாளில், எடுக்கப்பட்டது. மற்றவற்றை மகளின் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றார். அவள் அயல்நாட்டில் வசிப்பவளாகிவிட்டதால், அவளது பழைய சேமிப்புக் கணக்கை முதலில் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுவித்தேன். இங்கிருந்து சென்று பணிபுரியும் பிள்ளைகள் பலர் இதனைச் செய்யாமலே விட்டுவைத்துள்ளனர். திருமணத்தை ஒட்டி ஆவணங்கள் கையில் இருக்கும்போதே முடித்துவிடலாம்.

அவள் அமெரிக்கா செல்லுமுன் புனேயில் மூன்றாண்டுகள் பணிபுரிந்தவள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு அப்படியே உள்ளது. மணமாவதற்கு முன் அந்நிதிக்குச் செய்த நியமனம் மணத்தோடு செல்லாததாகிவிடும். புதிதாக நியமனம் செய்ய வேண்டும். வங்கி வைப்புகளுக்கு இவ்விதி இல்லை; பழைய நியமனமே தொடரும், நாமே முன்வந்து மாற்றினால் அன்றி. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு விழுக்காடு என்றும் குறிக்கலாம். அவள் ஜனவரியில் தாணே வந்தபோது படிவத்தில் கணவர், தாய், தந்தை, கட்டக்கில் உள்ள மாமியார் என நால்வர் பெயரையும் எழுதினாள். விழுக்காட்டுக் கட்டத்தில் நான்கிலும் 25 என்று நிரப்பிவிட்டுக் கையொப்பமிட்டாள். மணச் சான்றிதழின் நகலை அப்படிவத்துடன் இணைத்துக்கொண்டேன்.